தப்பே செய்யாதவனுக்கு ஏன் கட்டுப்பாடு?



செபராங் ஜெயா வட்டாரத்தில் நம் இளைஞர்கள் கூடினால் தேவார வகுப்பு, வேலை, காற்பந்து, மோட்டார் சைக்கிள்னு பேச்சு எங்கெங்கோ போகும். அண்மையில் ஒரு தம்பி, அமெரிக்காவில் இருக்கும் தன் மாமா மகன் வாங்கிய துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். கைத்துப்பாக்கிக்குப் போடும் அதே 9 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டு, தோளில் சாய்த்துச் சுடுகிற நீளத் துப்பாக்கி. கார்பைன் என்பார்கள்.

"சுடும்போது உதையே தெரியலையாம் அண்ணே. ரைஃபிள் தோட்டாவைவிட இதுக்கு விலையும் குறைச்சல். லீவு நாள்ல ரேஞ்சுக்குப் போய் காகித அட்டையில சுட்டுட்டு வருவாராம். ஒரு குருவியைக்கூட கொன்னதில்ல. நம்ம நாட்டுல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? தப்பே செய்யாதவனுக்கு எதுக்குக் கட்டுப்பாடு?"

கேள்வி நியாயமானது. "துப்பாக்கியா? வேற பேச்சே இல்லையா?" என்று வாயை அடைத்துவிடலாம். ஆனால் அதட்டினால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முறையாகவே பார்ப்போம்.

முதலில், குறி பார்த்துச் சுடுவது பாவமா? நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. துரோணர் சீடர்களுக்கு வைத்த சோதனை எல்லாருக்கும் தெரியும். மரத்தில் பறவை, அர்ச்சுனன் கண்ணுக்கு அதன் தலை மட்டும். அதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பறவை உயிருள்ளது அல்ல; கைவினைஞரைக் கொண்டு செய்து வைத்த பொம்மைப் பறவை. உயிரைக் கொல்லாமலே குறியைப் பழகலாம் என்பது குருகுலத்திலேயே இருந்திருக்கிறது.

இன்றைக்கும் அது உயர்ந்த கலைதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தியாவுக்காகத் தோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் களமிறங்கினார். நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக அதே பிரிவில் நின்று சுட்டார். அந்தப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். மூச்சும் மனமும் அடங்காதவரால் அதைத் தொட முடியாது. ஆக, விளையாட்டின் மேல் குற்றமில்லை. தம்பியின் மாமா மகன் மேலும் குற்றமில்லை.

அப்படின்னா எங்கே சிக்கல்?

2006 செப்டம்பர் 13. கனடாவின் மொன்ட்ரியல் நகரில் டாசன் கல்லூரி. 25 வயது இளைஞர் ஒருவர் உள்ளே புகுந்து சுட்டார். ஒரு மாணவி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அவர் கையில் இருந்த முக்கிய ஆயுதம் என்ன தெரியுமா? பெரெட்டா நிறுவனத்தின் சிஎக்ஸ்4 ஸ்டோர்ம். 9 மில்லிமீட்டர் கார்பைன். தம்பி சொன்ன அதே வகை. கள்ளச்சந்தையில் வாங்கியதல்ல, சட்டப்படி பதிவு செய்தது. அந்த நாளின் காலை வரை சட்டத்தின் கண்ணுக்கு அவரும் 'தப்பே செய்யாதவர்'தான்.

இதை நினைத்துப் பாருங்கள். உதை குறைவு, தோளில் ஊன்றினால் ஆட்டம் இல்லை, புதியவருக்கும் சீக்கிரம் கைவரும். ரேஞ்சில் இவையெல்லாம் நல்ல குணங்கள். கல்லூரி வராந்தாவில் இதே குணங்கள்தான் ஆபத்து. கருவி மாறவில்லை, பிடித்த மனம் மாறியது. மனம் மாறுவதற்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுப்பதில்லை.

"கத்தியும் கொல்லும், காடியும் கொல்லுமே அண்ணே?" உண்மை. ஆயுத பூஜையில் வெட்டுக்கத்தி, ஸ்பேனர், லாரி எல்லாவற்றுக்கும்தான் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஆனால் காடி இல்லாமல் பிறையில் வேலைக்குப் போக முடியாது, கத்தி இல்லாமல் சமையல் இல்லை. அவற்றின் ஆபத்தை நாம் எல்லாரும் சேர்ந்து சுமக்கிறோம். பயனும் எல்லாருக்கும் உண்டு. பொழுதுபோக்குத் துப்பாக்கியில் இன்பம் ஒருவருக்கு. தவறு நேர்ந்தால் விலை கொடுப்பவர் வேறொருவர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தர்மக் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. "நான் நல்லவன்" என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? என் மனசாட்சியை அவர் திறந்து பார்க்க முடியாது. நான் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் விதம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும் சாட்சி.

பிரிட்டனில் இது பெரிய அளவில் நடந்தது. 1996 மார்ச் 13-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் ஒருவர் சுட்டுக் கொன்றார். அவரும் உரிமம் பெற்றவர். அடுத்த ஆண்டே அங்கே கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்க ஏறக்குறைய முழுத் தடை வந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திரும்பி வந்தன. ஒப்படைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓர் எறும்புக்கும் தீங்கு செய்யாதவர்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய விளையாட்டை இழந்தார்கள்.

அது அவர்களுக்கு நியாயமா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். யாரோ செய்த பாவத்துக்கு இவர்கள் விலை கொடுத்தார்கள். ஆனால் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்வதா, தியாகம் என்று எடுத்துக்கொள்வதா? தண்டனை என்றால் மனம் கசக்கும். பிறர் பிள்ளை பயமில்லாமல் பள்ளிக்குப் போக என் ஆசையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன் என்றால், நாம் கோயிலில் கேட்டு வளர்ந்த அறம் அது.

மகாபாரதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரம்மசிர அஸ்திரத்தைத் துரோணர் அர்ச்சுனனுக்குக் கொடுத்தார். பொறாமையில் அசுவத்தாமனும் கேட்டான். பெற்ற மகன், மறுக்க முடியவில்லை. மனமில்லாமல் கொடுத்தார், மனிதர் மேல் ஏவாதே என்று எச்சரித்து. போர் முடிந்தபின் இருவரும் ஏவினார்கள். முனிவர்கள் நிறுத்தச் சொன்னபோது அர்ச்சுனனால் திரும்ப அழைக்க முடிந்தது. அசுவத்தாமனால் முடியவில்லை. அது உத்தரையின் கருவைத் தாக்கியது. இருவரும் ஒரே குருவிடம் ஒரே வித்தையைக் கற்றவர்கள். ஏவுவதில் இருவரும் சமம். அடக்குவதில்தான் தகுதி தெரிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பது போலீஸ் தரும் அனுமதி, பிறப்புரிமை அல்ல. ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ, அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 ரோத்தான் என்கிறது.

இந்தக் கடுமைக்கும் ஒரு பழைய காயம் உண்டு, அதை நாம் மறக்கக்கூடாது. அவசரகாலத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த விதிப்படி, துப்பாக்கி வைத்திருந்ததற்காகவே தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆகவே அடக்கம் தனிமனிதனுக்கு மட்டும் போதாது, தண்டிக்கும் கைக்கும் வேண்டும். கட்டாய மரண தண்டனையை மலேசியா 2023-இல் நீக்கியது அந்த வழியில் ஒரு நல்ல அடி.

தம்பி, இனி உங்களுக்கு நேராகச் சொல்கிறேன். சுடும் கலையில் ஆர்வம் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவு பெற்ற சங்கத்தில் சேருங்கள், பயிற்றுநரிடம் ஏர் ரைஃபிள் பழகுங்கள். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இணையத்தில் வரும் ஜெல் குண்டுத் துப்பாக்கியை "பொம்மைதானே" என்று வாங்காதீர்கள். நிஜம் போலத் தோன்றும் போலி ஆயுதமும் அதே சட்டத்தில் குற்றம்தான். நண்பர்களோடு படம் எடுக்க வாங்கியது, ரோட்டில் போகிறவருக்கு நிஜமாகத்தான் தெரியும்.

இன்னொன்று. டாசன் சம்பவத்துக்குப் பிறகு கியூபெக் மாநிலம் 2007-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறந்த மாணவியின் பெயரால் அதை அனஸ்தேசியா சட்டம் என்கிறார்கள். உறுப்பினர் ஒருவரின் நடத்தை ஆபத்தாகத் தெரிந்தால், சுடும் சங்கமே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. நமக்கும் அதில் பாடம் உண்டு. நம் நண்பன் ஒருவன் ஆயுதம், பழிவாங்கல் என்றே பேசிக்கொண்டிருந்தால் "நமக்கென்ன" என்று சும்மா இருக்கக்கூடாது. உட்கார வைத்துப் பேசுங்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள். அவனையும், அவன் கையால் சாகவிருந்த யாரோ ஒருவரையும் காப்பாற்றுகிறீர்கள்.

தப்பே செய்யாதவனுக்கு ஏன் கட்டுப்பாடு? அவன் தப்பு செய்யாதவன் என்று ஊர் நம்பித் தூங்குவதற்காக.