முதலில் காது கொடுங்கள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டரைப் பழையதாக வாங்கியவர், வண்டி கிளம்பவில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றத் துடிப்பார். ஸ்பேனரை எடுக்கும் முன் கொஞ்சம் காது கொடுக்கலாம். சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து எஸ்.யு. பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, சற்று நேரத்தில் அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதன் பாயிண்ட் கருகியிருக்கும். ஓயாமல் அடித்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ கசிவு.

விளக்கு மங்கினால், இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியைக் கிண்டலடிப்பது ஆங்கிலேயரின் பழைய பொழுதுபோக்கு. பாதி வசவு அநியாயம். பெரும்பாலும் எர்த் கம்பி பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். பேட்டரியைத் தேடி பானெட்டைத் திறக்காதீர்கள், அது இருக்கைக்குப் பின்னால். 1967இல் மாறும்வரை இந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். தெரியாமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் ரேடியோ போச்சு!

இதெல்லாம் சில்லறை வேலை. கதவு உரசினால்தான் பயப்பட வேண்டும். கூரையில்லாத வண்டிக்குக் கதவின் கீழ் ஓடும் சில் பகுதிதான் பலம். அது உள்ளே அரித்துப்போனால் பாடி நடுவில் தொய்யும். கீலை மட்டும் சரிக்கட்டி விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அங்கே மெக்கானிக்கை விட வெல்டருக்குத்தான் முதலில் சொல்லி அனுப்ப வேண்டும்.