கருவியும் காண்பானும்

டிரிப்டமைன் என்பது ஒரு பொருளின் பெயராதலோடு ஒரு குடும்பத்தின் பெயருமாம். அறுகோண வளையமும் ஐங்கோண வளையமும் ஒரு பக்கத்தால் ஒட்டிநிற்பது இண்டோல் என்னும் அமைப்பு. அதில் இரண்டு கரியணுக்களாலாய வாலும், வாலின் நுனியில் அமைன் தொகுதியும் சேரின் அப்பெயர் பெறும். இலக்கணம் பயின்ற எமக்கு, பகுதியொன்று நிற்க விகுதிகள் மாறிச் சொற்பல தோன்றுமாறு போல இது புலப்படுகின்றது. ஐந்தாம் இடத்தில் ஹைட்ராக்சில் ஏறின் அது செரோடோனின். 1948-ஆம் ஆண்டிற் குருதிநீரினின்று பிரித்தறியப்பட்ட இப்பொருள் நம் குடலில் மிகுதியாகவும் மூளையிற் சிறிதாகவும் உறைவது. இரவிற் சுரக்கும் மெலடோனினும் அதன் வழித்தோன்றலே. அந்த ஹைட்ராக்சில் நான்காம் இடத்திற்கு நகர்ந்து, வாலின் நுனியில் இரண்டு மெதில் தொகுதிகளும் ஏறின் சைலோசின். மெக்சிகோ நாட்டுக் காளான்களினின்று ஹாஃப்மன் என்பார் 1958-இற் பிரித்தெடுத்த சைலோசைபின், உடலுட் பாஸ்பேட்டை இழந்து சைலோசினாகின்றது. செரோடோனின் பொருந்துதற்குரிய இடங்களில் இது சென்று பொருந்த, காட்சி திரிகின்றது.

1962-ஆம் ஆண்டு, பெரிய வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் ஆலயத்தில், பாங்கே என்னும் மருத்துவர் சமயக்கல்வி மாணாக்கர் இருபதின்மருட் பதின்மர்க்குச் சைலோசைபினும் ஏனையோர்க்கு நிகோடினிக் அமிலமும் அளித்தனர். முன்னவருட் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் உற்றதாகக் கூறினர். இதுகொண்டு, கடவுட்காட்சி மூளையின் விகாரமே என்பர் ஒருசாரார். அருளைக் குளிகையிற் பெறலாம் என்பர் மற்றொருசாரார். இருவரும் கருவியையே காண்பானாகக் கொண்டனர் என்க. மனமும் புத்தியும் மாயையின் காரியங்களாய சடப்பொருள்களே என்பது சித்தாந்தம். சடத்தைச் சடம் திரித்தலில் வியப்பு யாது? விளக்கின் திரியைத் தூண்டினார் ஒளியை மிகுத்தாரேயன்றிக் கண்ணைப் படைத்தாரல்லர்.

“அங்ஙனமாயின், ஒளி மிக்கபொழுது கண்டது பொய்யோ?” எனின், பொய்யென யாம் துணிந்திலேம். செம்பூவின் அருகிருந்த படிகம் சிவந்து தோன்றும். அச்செம்மை பூவினது என அறிதற்குப் பூவை நீக்கிப் பார்த்தல் வேண்டும். மருந்து நீங்கிய பின் அம்மாணாக்கர்பால் எஞ்சியது யாது என்பதே தக்க வினாவாம். டாப்லின் என்பார் அவரைத் தேடிக் கண்டு 1991-இல் எழுதினார். காணப்பெற்றவருட் பலர், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்தும், அவ்வனுபவத்தை மெய்யென்றே போற்றினர். இஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் ஒரு மாணாக்கர் கலங்கி ஆலயத்தினின்று வெளியே ஓடினாரென்பதும், அவர்க்கு அமைதிப்படுத்தும் மருந்தை ஊசிவழி ஏற்றினரென்பதும் பாங்கே எழுதிய ஆய்வேட்டில் இடம்பெறவில்லை. கண்டது கடவுளாகவே இருப்பினும், ஓடினவனை மறைத்தெழுதிய சான்று எமக்குச் சான்றாகாது. இதனை யாம் மருந்தின் குற்றமாகக் கொள்ளோம்.

அக்காளான்களை நெடுங்காலம் பேணிவந்தவர் மெக்சிகோவின் மசாட்டெக் குடியினர். அவர்தம் வைத்தியருள் மரியா சபினா என்னும் மூதாட்டியார் ஒருவர். 1955-இல் அமெரிக்க வங்கி அலுவலராகிய வாசன் என்பார் அவர் நடத்திய இராச்சடங்கில் அதனை உண்டு, 1957-இல் ஓர் இதழில் எழுதினார். பின்னர் அயலார் திரள்திரளாக அவ்வூர் புக்கனர். ஊரார் மூதாட்டியாரைப் பழித்தனர். அவர் வீடும் எரிந்தது. வெளியார் வருமுன் கடவுளைக் காண்டற்கென எவரும் அக்காளானை உண்டிலர் என்றும், பிணியாளர் நலம்பெறுதற்கே உண்டனர் என்றும் அவர் பிற்காலத்துக் கூறினார்.