உடல் என்னும் அமானிதம்



ரெம்பியாவிலும் அலோர் காஜாவிலும் கடை நடத்தும் நம்மவர்கள் ஆண்டு தவறாமல் ஐந்தொகை எடுக்கிறோம். ஒரு வெள்ளி குறைந்தாலும் விளக்கைக் கொளுத்தித் தேடுகிறோம். ஆனால், மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினால், "வயசாகிவிட்டது" என்று அந்த ஏட்டை மூடிவிடுகிறோம். இது நியாயமா?

கருவிலிருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. ஆகவே இருதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே ஒரு வாசலை வைத்தான் வல்ல அல்லாஹ். பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் அந்த வாசல் அடைபடுகிறது. சிலருக்கோ நடுச்சுவர் முழுமையாக வளராமல் ஓட்டை நின்றுவிடுகிறது. 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று, ஏதேனும் ஓர் இருதயக் குறையுடன் பிறக்கிறது. இது பெற்றோர் செய்த பாவமன்று, எவருக்கும் இழிவுமன்று.

இத்தகைய ஓட்டையுள்ளவர் இளமையில் மூட்டை தூக்குவார், பந்தும் ஆடுவார். நாற்பது, ஐம்பது வயதில்தான் மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கால்வீக்கம் தலைகாட்டும். அதுவரை நுரையீரலுக்கு அளவுக்கு மீறி இரத்தம் பாய்ந்துகொண்டேயிருக்கும். மேலும் தாமதித்தால், நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி, ஓட்டையை மூடவே முடியாத நிலையும் வந்துவிடலாம்.

இருதயச் சுவரை ஆராய்ந்ததில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. கெய்ரோவில் 1288-ல் மறைந்த இப்னு நபீஸ் என்னும் ஹகீம், கீழறைகளின் நடுச்சுவர் கெட்டியானது, இரத்தம் நுரையீரல் வழியாகவே மறுபக்கம் செல்கிறது என்று, கிரேக்க வைத்தியர் காலனை மறுத்து எழுதினார். 1953-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாக்டர் கிப்பன், இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண்ணின் மேலறை ஓட்டையைத் தைத்து மூடினார். இன்றோ, தகுந்தவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடை இரத்தக்குழாய் வழியாக மூடி பொருத்துகிறார்கள். 'எக்கோ' பரிசோதனைக்கு ஊசிகூட அநேகமாக வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் இருக்கிறது.

"எல்லாம் தக்தீர்" என்று சிலர் சும்மாயிருக்கிறார்கள். மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பதும் அவர்கள் கற்பித்ததே.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, அதை மறைத்த வியாபாரியைக் கண்டித்ததும் அந்தத் திருக்கரமன்றோ! சரக்கின் குறையை வாங்குபவரிடம் மறைப்பது குற்றமென்றால், உடலின் குறையை மனைவி மக்களிடம் மறைப்பது மட்டும் சரியா? நாம் சாய்ந்தால் சாய்வது கடை மட்டுமல்ல, வீடும்தான்.

மூச்சு முட்டுகிறவர் இந்த வாரமே டாக்டரைக் காணட்டும். ஷிபா அளிப்பவன் அல்லாஹ். தேடிச் செல்வது நம் கடமை. ஆமீன்.