முன்பே கேட்க வேண்டிய கேள்வி

ஜனவரி 25ஆம் தேதி காலையில் திருச்சி தென்னூர்ப் பக்கம் போனால் கரைவேட்டிகளும் கொடிகளுமாகக் கூட்டம் நிற்கும். மொழிப்போர் தியாகிகள் நினைவிடத்தில் ஒவ்வொரு கட்சியாக வந்து மாலை வைத்துவிட்டுப் போகும். 1964இல் அதே தேதியில் திருச்சி ரயில் நிலையத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர் கீழப்பழுவூர் சின்னச்சாமி. மறு ஆண்டு, 1965 போராட்டத்தின்போது, தமிழ்நாட்டின் பல ஊர்களில் மேலும் சிலர் அப்படியே உயிர்விட்டார்கள். அவர்களுடைய நோக்கத்தை எடைபோடுவது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் மாலை விழும் அந்த நாளின் செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். மூலையில் நாலு வரிச் செய்தி ஒன்று அநேகமாக இருக்கும். 'தீராத வயிற்றுவலி', 'குடும்பத் தகராறு', 'வாழ்க்கையில் விரக்தி', 'விபரீத முடிவு', 'போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்'. இந்தச் சாவுக்கு மாலை கிடையாது. தெருவில் குசுகுசுப்பு மட்டும் உண்டு.

இந்த இரட்டைப் பார்வை இங்கே புதிதல்ல. இன்று திருச்சியின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனின் கதையைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். பிள்ளைகள் இருவரும் எதிர்த்து நின்றார்கள். அவர்கள்மேல் படையெடுக்கப் புறப்பட்டவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் நேரில் பேசித் தடுத்தார். போர் நின்றது. பிறகு அவன் வடக்கிருந்தான்; வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். நமக்குக் கிடைத்துள்ள புறநானூற்றுப் பாட்டுகளில் நட்பைப் போற்றுகிறவை உண்டு, பிரிவுக்கு அழுகிறவையும் உண்டு. எழுந்து வா என்று அவனைக் கூப்பிடும் பாட்டு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. போரைத் தடுக்க வார்த்தை கிடைத்த மரபில் இதற்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் போனதை, இலக்கியத்துக்கு வெளியே நின்றும் ஒருமுறை யோசிக்கலாம்.

அரசன் என்றால் மானம், தொண்டன் என்றால் தியாகம், பக்கத்து வீட்டுப் பெண் என்றால் 'இதுக்குப் போயா?' என்கிற ஏச்சு. மூன்றும் ஆள் போன பிறகு பேசுகிற பேச்சு. கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் நடந்த உளவியல், மனநல ஆய்வுகள் திரும்பத் திரும்ப நம்மை இட்டுச்செல்வது அதற்கு முந்தைய நேரத்துக்கு.

முதலில் மனப்பான்மை. சென்னையில் 1986இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், வியன்னா ஆய்வாளர்களோடு சேர்ந்து இரண்டு நகரங்களின் மருத்துவ மாணவர்களிடமும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தார். 1998இல் முடிவு வெளியானது. வியன்னா மாணவர்களைவிடச் சென்னை மாணவர்கள் தற்கொலையை மிகக் கடுமையாக மறுத்திருந்தார்கள். நல்லதுதானே என்று தோன்றும். கண்டிப்பு மட்டும் காப்பாற்றும் என்றால் தமிழ்நாட்டின் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் லட்சம் பேருக்கு இந்திய சராசரி 12.4, தமிழ்நாட்டின் விகிதம் 25.9. அந்த ஆண்டில் மட்டும் நம் மாநிலத்தில் 19,834 பேர். இத்தனைக்கும் கேள்விக்குப் பதில் எழுதிய மாணவர்கள் நாளை அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கப் போகிறவர்கள். கோழைத்தனம் என்று நினைக்கிற டாக்டரிடம் நோயாளி எதைச் சொல்வார்?

அடுத்து, காரணம். இறந்தவரிடம் கேட்க முடியாது. அதனால் 'உளவியல் பிரேதப் பரிசோதனை' என்று ஒரு முறையை லாஸ் ஏஞ்சல்ஸில் எட்வின் ஷ்னைட்மன் முதலானோர் உருவாக்கினார்கள். துக்கத்தின் சூடு சற்று ஆறிய பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் உட்காருகிறார். கடைசி மாதங்களில் தூக்கம் எப்படி இருந்தது, சாப்பாடு எப்படி, குடி உண்டா, வலி உண்டா, யாரோடு பேச்சு நின்றது, முன்னால் ஒருமுறை முயன்றதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அதோடு விட்டால் பாதி வேலைதான். அதே வயதில், அதே பாலில், உயிரோடு இருக்கும் இன்னொருவரைப் பற்றியும் அதே கேள்விகள். கடன் எல்லாருக்கும் இருக்கிறது, சண்டை எல்லா வீட்டிலும் நடக்கிறது. இருவரில் ஒருவரை மட்டும் வேறுபடுத்தியது எது என்பதுதான் தேடல்.

1999இல் வெளியான சென்னை ஆய்வு 100 பேரை இன்னொரு 100 பேரோடு ஒப்பிட்டது. இறந்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு, பெயர் சொல்லக்கூடிய மனநலக் கோளாறு இருந்தது. 2010இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு கிராமப்புறத்தில் அதே மாதிரி ஆய்ந்தபோது கிடைத்தது 37 சதவீதம். அதிலும் பெரும்பகுதி குடிநோயும், திடீர் நெருக்கடிக்கு ஈடுகொடுக்க முடியாத நிலையும். நாள்பட்ட மன அழுத்தமும் நாள்பட்ட வலியும்தான் அங்கே முன்னுக்கு வந்தன. தனியாக வாழ்வதும், ஓராண்டுக்குள் நெருங்கிய உறவு முறிந்ததும் ஆபத்தைக் கூட்டின.

எண்பத்தெட்டா, முப்பத்தேழா? நான் எதையும் பொய் என்று தள்ள மாட்டேன். நகரமும் கிராமமும் வேறு, எது நோய் என்று கோடு கிழிப்பதிலும் ஆய்வாளர்கள் வேறுபடுவார்கள். என்றாலும் 'எல்லாம் மனநோய்தான்' என்று முடிச்சுப் போடுகிறவர்களுக்கும், 'எல்லாம் கடன்தான்', 'எல்லாம் நீட்தான்' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும் இந்த இரண்டு எண்களைச் சேர்த்தே காட்ட வேண்டும். ஒற்றைக் காரணம் எங்கும் அகப்படவில்லை. இன்னொன்று: செய்தித்தாளின் 'தீராத வயிற்றுவலி'யைக் கேலி செய்யாதவர் யார்? எதையோ மூடி மறைக்க ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற வாசகம் என்றுதான் சொல்லிவந்தோம். பல வீடுகளில் அது மறைப்பாகவும் இருக்கலாம். ஆனால் தீராத வலி உண்மையிலேயே ஆளைக் கொல்லும் சுமை என்று வேலூர் ஆய்வு சொல்கிறது. வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவரிடம் மனசைப் பற்றியும் விசாரிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

மறைப்பின் அளவும் தெரியவந்தது. வேலூருக்கு அருகே கணியம்பாடி ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை ஒவ்வொரு சாவையும் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். தற்கொலை லட்சத்துக்கு 95 என்று வந்தது. அன்றைய அரசாங்கக் கணக்கின் தேசிய சராசரியைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அதே ஒன்றியத்தைப் பற்றிய இன்னோர் ஆய்வில், பத்து முதல் பத்தொன்பது வயதுக்குள் லட்சத்துக்குப் பெண் பிள்ளைகளில் 148, ஆண் பிள்ளைகளில் 58. படித்த அன்று இந்த எண்ணைத் தாண்டி எனக்கு அடுத்த பக்கம் ஓடவில்லை.

ஏன் மறைக்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரில் ஆளைத் தள்ளிக்கொண்டு வரும்போதே அண்ணன் சொல்வார், 'தெரியாம குடிச்சுட்டாங்க சார்.' போலீஸ் வரும், கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும், தங்கச்சிக்கு வரன் தட்டும். பிழைத்தவர்மேலே வழக்குப் போடும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அந்தப் பயத்துக்கு முதுகெலும்பாக இருந்தது. 2017இன் மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய பிரிவு இல்லை. வீட்டாருக்கு இந்தச் சேதி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

திருவரங்கத்தில் பயத்தின் முகம் கொஞ்சம் வேறு. உத்தர வீதி, சித்திரை வீதிகளிலும், புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளிலும் பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. காலையில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வந்தால் மீதிப் பகல் முழுக்கத் தனிமை. 'பெருமாள் எப்போ கூப்பிடப் போறாரோ' என்று பெரியவர் சொல்வார். பலருக்கு அது வெறும் பேச்சு. துணையை இழந்து, மூட்டுவலியோடு, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர் சொன்னால் அப்படியே விட்டுவிடக் கூடாது. மாமா, மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா என்று நேராகக் கேட்க நமக்கு நாக்கு எழாது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளின் 2,342 மாணவர்களில் ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மறு பாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணம் கூடவில்லை என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. இதைவிட நமக்கு நெருக்கமானது உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்பட ஐந்து நகரங்களில் நடத்தியது. முயன்று பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கீங்க?' என்ற விசாரிப்பு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையில் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விலை உயர்ந்த மருந்தோ இயந்திரமோ இதில் இல்லை.

எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. 1987இல் வியன்னா பத்திரிகைகள் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை நிறுத்திக்கொண்டன. அவ்வகைச் சம்பவங்கள் அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019இல் நெறிமுறை வகுத்தது: முறையை விவரிக்காதே, முதல் பக்கத்தில் போடாதே, தீர்வு என்பதுபோல் எழுதாதே. தமிழ்நாடு தன் பங்குக்குச் செய்தவற்றில் இரண்டு நல்லவை. பிளஸ் டூவில் தவறினால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு. 2017 முதல் மாநில ரேங்க் அறிவிப்பு கிடையாது. தோற்ற பிள்ளையின் தெருவில் இன்னொரு பிள்ளையின் படம் தொங்குவது அதனால் கொஞ்சம் குறைந்தது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது பேச்சைக் குறைத்திருந்தால், பொருளைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்றால், இன்றைக்கே கேளுங்கள். அறிவுரை வேண்டாம், பிள்ளைகுட்டியைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டாம். பதிலைக் கேட்டுவிட்டுத் தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அந்த யாரோ நீங்களாகவே இருந்தாலும் சரி, அரசின் டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. சினேகாவின் எண் 044-24640050.