பரீட்சைக்கு முன்னே வந்த சத்தம்



 

பரீட்சைக் காலம் வந்துவிட்டது. மார்ச் மாதம் என்றாலே நம் வீடுகளுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கொண்டுவந்து ஜெபத்துக்கு நின்றார்கள். ஒரு தம்பியின் கையைப் பிடித்தேன். ஐஸ்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. "ராத்திரி படிச்சது காலையில ஞாபகம் இல்ல பாஸ்டர். கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு" என்றான். அவனுக்காகவும், அவனைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுதும் முன்னே என் தவறு ஒன்றை அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு, பிளஸ் டூ எழுதப்போகிற ஒரு மகளின் தாயார் சாட்சி நேரத்தில் எழுந்து, "என் மக ஸ்கூல் பர்ஸ்ட் வருவான்னு கர்த்தர் எனக்குச் சொல்லிட்டார்" என்றார்கள். நானும் ஆராயாமல், நிதானிக்காமல் மைக்கில் உரத்த சத்தமாய் அல்லேலூயா என்றேன். சபை முழுவதும் கை தட்டியது. அந்த மகளோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மே மாதம் ரிசல்ட் வந்தது. வேதியியலில் பெயில். நாலு ஞாயிறு அவள் சபைக்கு வரவில்லை. நானும் என் மனைவியும் வீட்டுக்குப் போனோம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பாஸ்டர், கர்த்தர் சொன்னது என்னாலதான பொய்யாப் போச்சு?"

தேவ ஜனமே, அன்றைக்கு நான் உடைந்துபோனேன். அது கர்த்தர் சொன்னதல்ல. ஒரு தாயின் ஆசையை நாங்கள் கர்த்தருடைய வாயில் வைத்தோம். அந்தப் பாரத்தை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றினோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் கர்த்தர் மத்தேயு 3, 4 அதிகாரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். அதிலிருந்து நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

1. சத்தம் முதலாவது, சோதனை அப்புறம்.

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறினபோது வானம் திறந்தது. இவர் தமக்கு அன்பான மகன், இவரில் தமக்குப் பிரியம் என்று பிதா சாட்சி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஆவியானவர் அவரை வனாந்தரத்துக்குக் கொண்டுபோனார். கவனித்தீர்களா? அதுவரை அவர் ஒரு அற்புதமும் செய்ததாக வேதம் சொல்லவில்லை. சோதனையிலே ஜெயித்த பிறகு பிதா பாராட்டவில்லை. சோதனைக்கு முன்னமே அன்பைச் சொல்லி அனுப்பினார். பிள்ளைகளே, உன் மார்க்கைப் பார்த்துவிட்டு உன்னை நேசிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற தகப்பன் அல்ல அவர். இந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் போ.

பயப்படுகிறதினால் நீ அவிசுவாசி என்று யாராவது சொன்னால் நம்பாதே. கெத்செமனேயில் ஆண்டவரே வியாகுலப்பட்டார். இருதயம் படபடக்கிறது, கை வேர்க்கிறது, வயிற்றைக் கலக்குகிறது என்றால், ஆபத்தைக் கண்டால் ஓடுவதற்குச் சரீரம் ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். பாம்பைக் கண்டாலும் அப்படித்தான் ஆகும். கேள்வித்தாள் பாம்பல்ல என்று சரீரத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடு. நாலைந்து தடவை செய்தால் படபடப்பு தணியும். அந்த மூச்சோடு "இயேசுவே" என்று சொல். அதுவே போதுமான ஜெபம்.

2. பதில் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

சாத்தான் மூன்று தடவை கேட்டான். ஆண்டவர் மூன்று தடவை பதில் சொன்னார். மூன்றும் உபாகமத்தில் இருக்கிறவை. 6-ம் அதிகாரத்திலும் 8-ம் அதிகாரத்திலும் பார்க்கலாம். வனாந்தரத்தில் அவர் கையில் தோல்சுருள் இல்லை. இருதயத்தில் இருந்தது வாயில் வந்தது. 12 வயதிலேயே தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டும், கேள்வி கேட்டும் கற்றவர் அவர்.

பரிசுத்த ஆவியானவர் நினைப்பூட்டுவார் என்று யோவான் 14:26-ஐப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறோம். நல்லது. ஆனால் ஆண்டவர் முன்பே சொல்லிக் கொடுத்ததை நினைப்பூட்டுவார் என்றுதான் அங்கே இருக்கிறது. உள்ளே போடாததை எப்படி நினைப்பூட்டுவது? தானியேலும் நண்பர்களும் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்க மூன்று வருஷம் குறிக்கப்பட்டது. தேவன் ஞானம் கொடுத்தார். அவர்களும் உட்கார்ந்து படித்தார்கள்.

படிக்கிறதிலும் ஒரு முறை உண்டு. ஒரே பாடத்தைப் பத்துத் தடவை வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார். அப்போதுதான் தெரிந்தது எது, தெரியாதது எது என்று விளங்கும். இன்று படித்ததை நாளையும், நாலு நாள் கழித்தும் மறுபடி எழுதிப் பார். பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கடிகாரம் பார்த்து எழுதிப் பழகு. சவுலின் ஆயுதங்களைத் தாவீது ஏன் கழற்றினான்? பழக்கமில்லை. கவணோ பழக்கமானது.

3. கோபுரத்திலிருந்து குதிக்காதே.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் வசனம் காட்டினான். தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்றார் ஆண்டவர். வருஷம் முழுவதும் புத்தகத்தைத் தொடாமல், பேனாவுக்கு எண்ணெய் பூசி வாங்கிக்கொண்டு போனால், நீ பரீட்சை எழுதப் போகவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கப் போகிறாய். பெற்றோரே, பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளையை முழு இரவு ஜெபத்துக்குக் கூட்டி வராதீர்கள். நீங்கள் வாருங்கள், பிள்ளை தூங்கட்டும். படித்ததெல்லாம் மனதில் பதிகிறது தூக்கத்தில்தான்.

பொதுத்தேர்வில் காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்து, வாசிக்க 10 நிமிஷமும், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிஷமும் கொடுக்கிறார்கள். எழுத ஆரம்பிப்பது 10.15-க்குத்தான். அந்த 10 நிமிஷத்தில் தெரியாத கேள்வியைப் பார்த்து நடுங்காதே. தெரிந்ததைக் குறித்து வை. நன்றாய்த் தெரிந்ததை முதலாவது எழுது. கை ஓட ஆரம்பித்தால் மறந்ததும் திரும்பி வரும்.

4. கடைசியில் தூதர்கள் வந்தார்கள்.

சோதனை முடிந்தபின் தூதர்கள் வந்து ஆண்டவருக்குப் பணிவிடை செய்தார்கள். சாகலாம் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கும் தூதன் புத்தி சொல்லவில்லை; அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் சொன்னான். பெற்றோரே, பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள்.

நானும் 1996-ல் 10-ம் வகுப்புக் கணக்கில் பெயிலானவன்தான். மாலைப் பேப்பரில் என் நம்பரை மூன்று தடவை தேடினேன். இல்லை. இருட்டினபின்தான் வீட்டுக்குப் போனேன். அடி விழும் என்று நின்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பரம பிதாவைப் பற்றி நான் கேட்ட முதல் பிரசங்கம் அதுதான். வழியில் விட்டுப்போன மாற்குவைப் பவுல் ஒருகாலத்தில் வேண்டாம் என்றார். கடைசி நாட்களில் அவனையே கூட்டி வரச் சொன்னார். பெயில் என்பது முடிவல்ல. ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது.

சபையாரே, மாநில முதலிடம் யார் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நாமோ சாட்சி நேரத்தில் மார்க்கைச் சொல்லிக் கை தட்டிக்கொண்டிருக்கிறோம். பாஸான பிள்ளைக்கு மேடை, பெயிலான பிள்ளைக்குக் கடைசி வரிசையா? இந்த வருஷம் ரிசல்ட் வந்த ஞாயிறு எழுதின எல்லாப் பிள்ளைகளையும் முன்னால் அழைத்து ஒரே ஜெபமாக ஆசீர்வதிக்கப் போகிறோம். மார்க் கேட்க மாட்டோம்.

தம்பி, தங்கச்சி, சாகலாம் போல ஒரு எண்ணம் வந்தால் மறைக்காதே. எந்த ராத்திரியானாலும் என் கதவைத் தட்டு. என்னிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசு, 104-லும் பேசலாம். அதிலும் கர்த்தர் உதவி செய்வார்.

அந்த மகள் துணைத்தேர்வு எழுதிப் பாஸானாள். அவள் சொன்னபடியால் எழுதுகிறேன். ஆனால் பாஸாகும் முன்னமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சபைக்குள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாளே, அதுதான் என் சாட்சி. அல்லேலூயா!

ஜெபிப்போம்: அன்பின் தகப்பனே, எழுதப்போகிற எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த புத்தியையும் நல்ல தூக்கத்தையும் தாரும். நீர் அவர்களை நேசிக்கிறீர் என்ற சத்தத்தைப் பரீட்சைக்கு முன்னே கேட்கப் பண்ணும். எங்கள் ஆசைகளை உம்முடைய வார்த்தை என்று சொன்ன எங்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்