முடியாமையும் பொறுப்பும்: ஆங்கிலத் துணைவினைகள் எழுப்பும் கேள்வி

ஆங்கிலப் பேச்சில் துணைவினைகள் முழு உருவில் ஒலிப்பது குறைவு. ‘கேன் நாட்’ என்பது ‘காண்ட்’ ஆகிறது. ‘குட் ஹாவ்’ தேய்ந்து ‘குட்அவ்’ ஆகிறது. பிந்தையதில் ‘ஹாவ்’ அடையாளமே தெரியாமல் கரைந்துவிடுவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிலும் சிலர் அதை ‘குட் ஆஃப்’ என்று பிழையாக எழுதுவதுண்டு. ஆனால் ஒருவரைக் குற்றம் சொல்வதும் மன்னிப்பதும் இந்தத் தேய்ந்த அசைகளைக் கொண்டுதான் நடக்கிறது. ‘யூ குட்அவ்’ என்றால் நீ வேறு மாதிரிச் செய்திருக்கலாம், ஆகவே பொறுப்பு உன்னுடையது. எல்லாச் செயலுக்கும் முன்காரணம் உண்டென்றால், அப்படிச் சொல்வதற்குப் பொருள் என்ன?

தத்துவஞானி ஜி. ஈ. மூர் 1912-இல் வெளியிட்ட ‘எதிக்ஸ்’ நூலில் இதற்கு ஒரு விடை தந்தார். 20 நிமிடத்தில் ஒரு மைல் நடக்க ஒருவரால் முடிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் இரண்டு மைல் ஓட முடிந்திருக்காது. இரண்டையுமே அவர் செய்யவில்லை என்றாலும் வேறுபாடு மெய்யானது. ‘முடிந்திருக்கும்’ என்பதை ‘தேர்ந்திருந்தால் செய்திருப்பார்’ என்று விரித்துக்கொண்டால், காரண விதியோடு அது மோதாது என்பது மூரின் யோசனை.

1956-இல் பிரிட்டிஷ் அகாடமியில் ‘இஃப்ஸ் அண்ட் கேன்ஸ்’ என்ற தலைப்பில் உரையாற்றிய தத்துவஞானி ஜே. எல். ஆஸ்டின் இதை ஏற்கவில்லை. ‘குட் ஹாவ்’ சில இடங்களில் நிபந்தனையைக் குறிக்கும். சில இடங்களில் அன்று உண்மையாகவே இருந்த ஆற்றலைக் குறிக்கும். கோல்ஃப் ஆட்டக்காரர் மிகக் குறுகிய தூரத்து அடியைத் தவறவிட்டு, ‘போட்டிருக்க முடியும்’ என்று தன்னையே நொந்துகொள்கிறார். முயன்றிருந்தால் போட்டிருப்பேன் என்பது அதன் பொருளல்ல. அவர் முயன்றுதான் தவறவிட்டார். மூரின் விளக்கத்துக்கு இந்த உதாரணம் பெரும் இடைஞ்சல்.

வினையடை சேரும்போது சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. ‘ஐ ஜஸ்ட் காண்ட் லீவ்’ என்பவர், தன்னால் போகவே முடியவில்லை என்கிறார். ‘ஐ காண்ட் ஜஸ்ட் லீவ்’ என்பவருக்குக் கால்களில் குறையில்லை. இப்படியே விட்டுவிட்டுப் போவது முறையல்ல என்கிறார். ‘ஜஸ்ட்’ எதிர்மறைக்கு முன்னால் நின்றால் முடியாமைக்கு அழுத்தம் தருகிறது. பின்னால் நின்றால் எதிர்மறை அதையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. முன்னது திறன் பற்றியது, பின்னது கடமை பற்றியது. ‘ரியலி’யும் இப்படித்தான்: ‘ஐ ரியலி காண்ட்’ உறுதியான மறுப்பு, ‘ஐ காண்ட் ரியலி’ பெரும்பாலும் நாசூக்கான நழுவல். தமிழில் ‘முடியாது’ என்ற ஒரே சொல் இயலாமைக்கும் பிடிவாதத்துக்கும் பயன்படுவதால், இந்த மயக்கம் தமிழருக்குப் புதிதல்ல.

திறன், கடமை ஆகிய இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது முடியாமையும் உண்டு. 1521-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய அவையில் தன் எழுத்துகளைக் கைவிட மறுத்த சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், தன்னால் வேறெதுவும் செய்ய முடியாது என்று சொன்னதாக மரபு கூறுகிறது. அவர் அவ்வாறே சொன்னாரா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் அந்த மனநிலை எல்லாருக்கும் விளங்குவதே. அது சாக்கு அல்ல. பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொள்ளும் பேச்சு. பின்னாளில் தத்துவஞானி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் இதை விருப்பத்திலிருந்தே பிறக்கும் கட்டாயம் என்று விளக்கினார். அதற்கு முன்பே 1969-இல் அவர் எழுதிய கட்டுரை, பொறுப்பு பற்றிய இந்த வாதத்தின் அடிப்படையையே அசைத்தது. அதில் வரும் கற்பனை இது: ஒருவர் ஒரு செயலைச் செய்ய எண்ணுகிறார்; அவர் மனம் மாறினால் தலையிட்டு அதைத் தடுக்க வேறொருவர் மறைவில் காத்திருக்கிறார். முதலாமவரோ தாமாகவே அந்தச் செயலைச் செய்துவிடுகிறார். தலையீடு தேவைப்படவே இல்லை. வேறு மாதிரிச் செய்ய அவருக்கு வழியில்லை; ஆயினும் பொறுப்பு அவருடையதே. இதை ஏற்றால் ‘குட்அவ்’ பொறுப்புக்கு நிபந்தனையாக இராது. மறைந்திருப்பவர், மனமாற்றத்தை முன்கூட்டி எப்படி அறிவார் என்று கேட்பவர்கள் இன்னும் அதை ஏற்கவில்லை.