பீஷ்மரிடம் கேட்டார்கள், தாத்தாவிடம் கேட்டோமா?

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனிதான் நம்ம உடம்புக்கு மெயின் பைப். அதன் சுவரில் கிருமி புகுந்தால் சுவர் இளகி பலூன் மாதிரி வீங்கும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆசிய நாடுகளில் சால்மொனெல்லா இதற்கு முக்கியக் காரணம். சிங்கப்பூர் மண்ணிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமியும் சில சமயம் இப்படிச் செய்யும். நீரிழிவு உள்ளவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கவனமா இருக்கணும். தேக்காவில் டீ குடிக்கும் நம்ம தாத்தாக்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கு, யோசிச்சுப் பாருங்க.

சிகிச்சையில்தான் சங்கடம். இற்றுப்போன குழாயை வெட்டிவிட்டுப் புதுசு போடலாம். கிருமி பிடித்த பகுதியும் வெளியே வந்துவிடும். ஆனால் அவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையைப் பலவீனமான உடம்பு தாங்குமா? இன்னொரு வழி, 1990-இல் டாக்டர் ஹுவான் பரோடி புவனோஸ் ஐரிஸில் செய்துகாட்டியது: தொடை வழியாக உள்ளே ஓர் உறையைச் செலுத்துவது. உடம்புக்கு இது இலகு. ஆனால் கிருமி இருக்கும் இடத்திலேயே ஓர் அந்நியப் பொருள் தங்கிவிடும். சிலர் ஆயுள் முழுக்க ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியிருக்கும்.

எந்த வழியில் எவ்வளவு ஆபத்து என்று டாக்டர் சொல்லலாம். எந்த ஆபத்தை ஏற்பது என்று யார் சொல்வது? நம்ம வீடுகளில், "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவார்" என்கிறோம். அது அன்புதான். ஆனால் அந்த அன்பு, அவர் எடுக்க வேண்டிய முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

மகாபாரதத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்தபோது, துரியோதனன் அம்பு எடுக்கும் வைத்தியர்களை அழைத்து வந்தான். பீஷ்மர் அவர்களுக்கு மரியாதை செய்து திருப்பி அனுப்பச் சொன்னார். பிள்ளைகள் மனசு கேட்காவிட்டாலும் அவர் சொல்லை மதித்தார்கள். சிகிச்சை வேண்டாம் என்பதே சரி என்று நான் இதை வைத்துச் சொல்லவில்லை. இன்னொருவர் அம்பை எடுக்கச் சொல்லியிருக்கலாம், அதுவும் தருமமே. வலி யாருடையதோ, வார்த்தையும் அவருடையது.

"சில பேருக்குத் தெரிஞ்சுக்கவே விருப்பம் இல்லையே?" என்று கேட்கலாம். நியாயம்தான். அதையும் அவர்களிடமே கேட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்? நினைவு தப்பிய பிறகு கேட்க முடியாது. 21 வயது நிரம்பிய யாரும், தங்களுக்காகப் பேச நம்பகமான ஒருவரை எல்பிஏ பத்திரம் மூலம் நியமிக்க இங்கே சட்டம் இடம் தருகிறது. ஆனால் பத்திரத்துக்கு முன்னால் பேச்சு வேணும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க.